தலையாட்டினால்தான் தேர்ச்சி

இன்று காலை பள்ளியிலிருந்து புதிய கால அட்டவணை வந்தது. அச்சகத்திலிருந்து நேராகக் கொண்டுவந்திருக்க வேண்டும். மை வாசனை இன்னும் போகவில்லை, விரலில்கூடக் கொஞ்சம் ஒட்டியது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரிசையில் விரலை வைத்து, எட்டாவது பாடவேளை வரை நகர்த்திக்கொண்டே போனேன். இருக்கிறது. ‘அடுத்த வீடு’ என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். நம் வகுப்புக்கு நீ வைத்த பெயர்.

அந்தக் கட்டத்தில் இந்த ஆண்டு கணக்குச் சிறப்பு வகுப்பு வந்துவிடும் என்றுதான் பங்குனி மாதம் எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. நாம் வென்றுவிட்டோம். இதை உனக்குச் சொல்லாமல் எனக்குக் காபி இறங்கவில்லை.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவிலிருந்து கதை சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும்.

விருதுநகர் கான்வென்ட்டில் மதிய மணி அடித்ததும் நம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் பக்கத்து அறைக்குப் போவார்கள். மிச்சமிருந்த நமக்கு நீதிபோதனை. நகம் வெட்ட வேண்டும், பொய் சொல்லக் கூடாது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பதினொரு வயதில் இவையெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. பதிவேட்டில் சிஸ்டர் நம்மை ‘மற்றவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு நீ என் காதில் சொன்னாய்: “ஏபுள்ள, நீயும் நானும் ஒரே மதமாயிட்டோம் பாத்தியா. நம்ம மதத்துக்குப் பேரு மற்றவர்கள்.”

நான் சிரித்துவிட்டேன். முட்டிபோடும் தண்டனை எனக்குத்தான் கிடைத்தது. சொன்ன உன் முகமோ கணக்குப் போடுகிற முகமாகவே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கடல் பிளந்தது, அப்பமும் மீனும் பெருகின, செத்தவன் எழுந்து வந்தான். இந்தப் பக்கம் நாம் நகம் வெட்டிக்கொண்டிருந்தோம். பெஞ்சை மெல்ல மெல்லச் சுவரோரம் நகர்த்தி, வருடம் முழுக்க ஒட்டுக்கேட்டோம். கடைசியில் நானும் ஞானோபதேசப் பரீட்சையை எழுதுகிறேன் என்று சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே நம் இருவருக்கும் தாள் கொடுத்தார். முதல் மதிப்பெண் எனக்கு, இரண்டாவது உனக்கு. அதில் எனக்கு இன்றும் பெருமைதான், மறைக்க மாட்டேன். அடுத்தவர் மதத்தை அவர்களைவிட நன்றாக ஒப்பிக்க என்னால் முடியும் என்ற கர்வம் அன்றைக்கு வந்தது. பின்னால் என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

சிவகாசியில் வியாபாரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் நமக்கு வேலை கிடைத்து, நான் ஆங்கிலத்துக்கும் நீ கணக்குக்கும் போனோம். வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பில் நீதிபோதனையை என் தலையில் கட்டினார்கள். நகம் வெட்டுவதை நான் நடத்துவேனா? மதங்களைப் பற்றி நடத்தப் போகிறேன் என்று தினமும் காலையில் பஸ்ஸில் உன்னிடம் அளந்தேன். மதத்துக்கு ஒரு மாதம். நூலகத்தில் புத்தகம் எடுத்து, சிவப்பு மையில் தலைப்பிட்டு, ஐம்பது மதிப்பெண்ணுக்குப் பரீட்சை. பஸ் ஆமத்தூரைத் தாண்டும்வரை கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. பாப்போம்” என்று மட்டும் சொன்னாய். அந்தப் ‘பாப்போம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

இஸ்லாம் மாதத்தில் இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஐந்து கடமைகளையும் பலகையில் எழுதி முடித்துவிட்டு, “இவர்கள் இறைவனைத் தவிர வேறு யாரிடமும் வேண்ட மாட்டார்கள். சமாதிகளுக்குப் போய் விளக்கேற்றி வேண்டுவதெல்லாம் இவர்களிடம் கிடையாது” என்று புத்தகத்தில் இருந்தபடி சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

“எங்கம்மா வியாழக்கிழமை வியாழக்கிழமை தர்காவுக்குப் போவாக டீச்சர்.”

“புத்தகத்தில் அப்படி இல்லை, உட்கார்” என்றேன்.

அவள் உட்காரவில்லை. “அப்ப எங்கம்மா யாரு டீச்சர்?” என்று கேட்டாள். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. மணி அடித்தது என்னைக் காப்பாற்றத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் நடந்ததைச் சொல்லி, “நான் சொன்னதில் தப்பு என்ன?” என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாய். “புத்தகத்தச் சரியாத்தான் சொல்லியிருக்க. அந்தப் புள்ளையோட அம்மாவ வெளிய நிறுத்திட்ட.”

“நீயும் முஸ்லிம்தானே, உங்கள் வீட்டிலும் தர்காவுக்குப் போக மாட்டீர்களே!”

“போக மாட்டோம். எங்கத்தாவுக்கு அது ஆகவே ஆகாது. அதுக்காக அவுக அம்மாவ நான் வெளிய நிறுத்துவனா? நீ மதத்துக்குப் பாடம் நடத்துற. வகுப்புல மதமா உக்காந்திருக்கு? புள்ளைகதான உக்காந்திருக்கு?”

அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததில் என்னை அப்படித் தூக்கிப்போட்ட கேள்வி வேறு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நீயே வகுப்புக்கு வந்து நின்றாய். கணக்கு டீச்சர் இங்கே எதற்கு என்று பிள்ளைகள் முழித்தார்கள். உன் ஏற்பாடு மிகச் சின்னது. ஒரு பிள்ளை, வேறு மதத்துப் பிள்ளை ஒருத்தியின் வீட்டில் நடக்கும் ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேச்சையும் ‘இவுக வீட்டுல’ என்றுதான் தொடங்க வேண்டும். நல்லது கெட்டது சொல்லக் கூடாது. சொல்லி முடித்ததும் அந்த வீட்டுப் பிள்ளை, ‘ஆமாம், எங்கள் வீடு இதுதான்’ என்று தலையாட்ட வேண்டும். தலையாட்டினால் தேர்ச்சி. இல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி.

“மதிப்பெண்?” என்றேன் நான். ஒரு முற்றுப்புள்ளி விட்டால் அரை மதிப்பெண் குறைக்கிறவள்.

“கெடையாது.”

“அப்புறம் எதற்குப் படிப்பார்கள்?”

“அவ தலையாட்டணுமே, அதுக்கு.”

படித்தார்கள். மதிப்பெண்ணுக்குப் படித்ததைவிட அதிகமாகப் படித்தார்கள். தலையாட்ட வேண்டிய பிள்ளைகளுக்கே பல விஷயம் தெரியாமல், வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். ‘எங்க வீட்டுல ஏம்மா விளக்க ஊதி அணைக்க மாட்டேங்கோம்?’ என்று மகள் கேட்டு, அம்மா தன் மாமியாரைக் கேட்டு, அவர் பூசாரியைக் கேட்டதாக ஒரு வீட்டில் நடந்தது. பைபிளைத் திறந்தே பார்க்காத ஒருத்தி, தோழி தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சுவிசேஷத்தைப் படித்து முடித்துவிட்டு வந்தாள். ஒரு பிள்ளைக்குத் தன் மதத்தைச் சொல்லிக்கொடுக்கச் சிறந்த ஆள் பக்கத்து பெஞ்சில் இருந்து கேள்வி கேட்பவள்தான் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தச் செருப்புக் கேள்வி நினைவிருக்கிறதா? மூன்று வீடுகளில் கும்பிடும் இடத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார்கள் என்று மூன்று பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். எதற்கு என்று நான் காரணம் கேட்டேன். ஒவ்வொருத்தியும் திருதிருவென்று முழித்தாள். எம். புதுப்பட்டியிலிருந்து வரும் ஒரு பிள்ளை எழுந்து, “எங்கம்மா பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்கே செருப்பக் கழட்டிட்டுத்தான் டீச்சர் போறாக. சாமி ரூமுக்குப் போயிக் காரணம் கேக்கீகளே!” என்றாள். நீ சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அன்று மாலை, பஸ்ஸில், அடக்க முடியாமல் சிரித்தேன்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதைப் பற்றி ஒரு கிறிஸ்தவப் பிள்ளை சொன்னாள். “இவுக வீட்டுல அம்மா சாமிக்குப் பயந்து சட்டி எடுக்காக” என்று முடித்தாள். தோழி தலையாட்டவில்லை. இரண்டு வாரம் ஆட்டவில்லை. மூன்றாவது வாரம் அந்தக் கிறிஸ்தவப் பிள்ளை, “நான் போயி அவுக அம்மாட்டயே கேட்டேன். இவ தம்பி காய்ச்சல்ல கெடந்து பொழச்சு வந்த சந்தோசத்துல எடுத்தாகளாம். பயம் இல்லையாம்” என்றாள். உடனே தலை ஆடியது. பயத்துக்கும் சந்தோசத்துக்கும் நடுவில் அத்தனை தூரம் ஒரு பிள்ளை நடந்து வந்திருக்கிறாள். இதற்கு நான் என்ன மதிப்பெண் போட்டிருக்க முடியும்?

வகுப்புக்கு வெளியிலும் நீ அப்படித்தான் இருந்தாய். என் வீட்டுக்காரர் போனபோது வந்தவர்கள் எல்லோரும் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். என்ன நிறத்தில் சேலை, எத்தனை நாள் வீட்டுக்குள், எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லாமே சொன்னார்கள். நீ மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒனக்கு எப்படி வேணும்?” என்று கேட்டாய். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும், மாம்பழ நிறச் சேலையில் போக வேண்டும் என்றேன். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசலில் நின்றாய். பஸ்ஸில் என்னைப் பார்த்து முணுமுணுத்தவர்களிடம், “அவுக வீட்டுல அப்படித்தான்” என்றாய். அதற்கு மேல் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன்.

நாம் ஓய்வுபெற்ற பிறகு நம்மிடம் படித்தவளே டீச்சராகி அந்த வகுப்பை நடத்திவந்தாள் அல்லவா? பங்குனி மாதம் கமிட்டிச் செயலாளர் போன் செய்தார். இளம் வயது, மரியாதை தெரிந்தவர். “டீச்சர், ரெண்டு பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் குடுத்திருக்காக. அந்த வகுப்ப எடுத்துட்டு கணக்கு வச்சிரலாம்னு கமிட்டியில பேச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறீகளா? ஒங்க கிட்டச் சொல்லாமச் செஞ்சா நல்லா இருக்காது.”

முடிவு செய்துவிட்டார்கள், எனக்குச் சொல்லியனுப்புகிறார்கள், அவ்வளவுதான் என்று புரிந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று கேட்டேன். ஒருவர் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் முதலாளி, கமிட்டியிலும் இருப்பவர். இன்னொருவர் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்யும் பாய். இருவருடைய மகள்களும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். நமது வகுப்பை மூடுவதில் இரண்டு பேரும் அப்படி ஓர் ஒற்றுமை! நீ இருந்திருந்தால், ‘வகுப்பு நல்லா வேல செஞ்சிருக்கு’ என்றிருப்பாய்.

நான்கு பக்கத்துக்குப் பேச்சு எழுதினேன். அரசியலமைப்பு, அமைதி, வருங்காலத் தலைமுறை எல்லாம் அதில் இருந்தன. கையெழுத்தும் நன்றாக வந்திருந்தது. சனிக்கிழமை மாலை உரக்க வாசித்துப் பார்த்தேன். சிவப்பு மையில் தலைப்பிட்ட என் பழைய நோட்டுதான் பேசியது. மடித்து வைத்துவிட்டு, செயலாளருக்குப் போன் செய்து, “நாளைக்கு அந்த இரண்டு பிள்ளைகளும் வர வேண்டும்” என்று மட்டும் சொன்னேன்.

கூட்டத்தில் பிரஸ் முதலாளிதான் முதலில் பேசினார். “டீச்சர், ஒங்க மேல மரியாதை இருக்கு. எம்மக வீட்டுல ஒக்காந்து நோன்பப் பத்தி வகுப்பெடுக்கா. நான் இங்கிலீசும் கணக்கும் படிக்கத்தான அனுப்புதேன்?”

பாய் குரலை உயர்த்தவில்லை. “எம்மக சின்னதுலருந்து மதரஸாவுல ஓதுறவ டீச்சர். இப்ப அவுக சாமி பேரெல்லாம் வரிசையாச் சொல்லுறா. எனக்குப் பயமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பிள்ளையைப் பெற்றவருக்கு வரக்கூடிய பயம்தான். “எப்படித் தொடங்கிச் சொல்கிறாள்?” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, “இவுக வீட்டுல, இவுக வீட்டுலன்னு சொல்லுறா” என்றார். “அப்படியானால் எது யார் வீடு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது பாய். தன் வீடு எது என்று தெரியாதவளுக்கு அடுத்த வீடு என்று சொல்ல வராது” என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. “நான் பேசியது போதும். பரீட்சை வைக்கலாம்” என்று பிரஸ் முதலாளியின் மகளை எழுப்பினேன். “பாய் வீட்டைச் சொல். அவர் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் இந்த வகுப்பை நானே எடுத்துவிடச் சொல்கிறேன்.”

செயலாளர் என்னைத் திகைப்போடு பார்த்தார். உன் வகுப்பை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் நாக்கில் வைத்துவிட்டேன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இவுக வீட்டுல நோன்பு மாசம் பகல்ல யாரும் சாப்பிட மாட்டாக. தண்ணியும் குடிக்க மாட்டாக. ஆனா இவுக வீட்டுல பகல்ல ஒலை வைப்பாக. கடையில மூட்டை எறக்குறவுக நோன்பு வைக்கிறதில்லைல்ல, அவுகளுக்கு மத்தியானச் சோறு எப்பவும் போல இவுக வீட்டுலருந்துதான் போகும். தான் பசியா இருக்கிறதுக்காக அடுத்தவுகளப் பட்டினி போடக் கூடாதுன்னு இவுக வீட்டுல சொல்லுவாக.”

பாயையே எல்லோரும் பார்த்தார்கள். அவர் தலை ஆடவில்லை.

“ஒண்ண விட்டுட்டியே தாயி” என்றார்.

“என்னது மாமா?”

“அந்தச் சோத்துக்கு உப்புப் பாக்க ஆளு கெடையாது. எங்க வீட்டுல நாக்கு நுனியிலகூட வைக்க மாட்டாக. ஒரு நா கரிக்கும், ஒரு நா சப்புன்னு இருக்கும். இத்தன வருசத்துல மூட்டை எறக்குறவன் ஒருத்தன் வாயத் தொறந்து ஒரு கொறை சொன்னதில்ல. அதையும் சேத்துக்க. அது அவுக வச்ச நோன்பு.”

சொல்லிவிட்டுத் தலையாட்டினார். ஒரு முறை இல்லை, மூன்று நான்கு முறை.

பிறகு அவர் மகள் எழுந்தாள். பிரஸ் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். புராணம் ஏதாவது சொல்வாள், தப்பைப் பிடிக்கலாம் என்று நினைத்திருப்பார். “இவுக வீட்டுல சாமி படம் அச்சடிக்கையில வீணாப்போற தாள குப்பையில போட மாட்டாக. கால்ல மிதிபடக் கூடாதுன்னு தனியா மூட்டை கட்டுவாக. மாதா படத்துக்கும் அப்படித்தான். பள்ளிவாசல் காலண்டர் ஆர்டர் வந்தா, அரபு எழுத்து இருக்கிற தாள மாமா வேலையாள் கையில விடாம அவுகளே குனிஞ்சு பொறுக்குவாக.”

பாய் திரும்பிப் பார்த்தார். “அப்படியா மொதலாளி?”

முதலாளி கூச்சத்தோடு மேசையைப் பார்த்தார். “கீழ கெடந்தா மனசு கேக்காது பாய். வேற என்ன.” பிறகு தன் மகளிடம், “இதையெல்லாமா போயிச் சொல்லுவ?” என்றார்.

“நீங்க இன்னும் தலையாட்டல மாமா” என்றாள் பாயின் மகள், கறாராக. கமிட்டியே சிரித்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே ஆட்டினார்.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. வகுப்பு இருக்கட்டும் என்று முதலில் சொன்னவர் பாய்தான். கமிட்டியின் ஆண்கள் பள்ளியிலும் தொடங்கலாமா என்று செயலாளர் கேட்டார். “தொடங்குங்கள். தலையாட்டுவதற்கு முன்னால் கடைசிவரை கேட்க வேண்டும் என்று முதலில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்றேன். வெளியே வந்ததும் வெயிலில் குடையைக்கூட விரிக்காமல் நடந்தேன். எழுபத்தாறு வயதில் அப்படி நிமிர்ந்து நடக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நேற்று, பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை, என்னையும் அழைத்தார்கள். எட்டாம் வகுப்பில் பீகாரிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. தமிழ் இப்போதுதான் பழகுகிறாள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்கள் வீட்டில் கொண்டாடும் சத் பூஜையைப் பற்றிச் சொல்ல யாரும் முன்வரவில்லை. நான் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவளைப் பற்றி முன்பே கேள்விப்பட்டு, வாரம் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்தக் கான்வென்ட் கர்வம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

“இவர்கள் வீட்டில் அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து, கண்மாய்த் தண்ணீரில் நின்று, காலையில் உதிக்கும் சூரியனைக் கும்பிடுவார். நம் பொங்கலைப் போல” என்று முடித்தேன்.

அவள் தலை பக்கவாட்டில் ஆடியது. இல்லை என்று. வகுப்பு முழுக்க ஓவென்று கத்தியது.

“காலையில சூரியன் அப்புறம் டீச்சர். முதல் நாள் சாயந்திரம், போற சூரியன். அதுக்குத்தான் முதல் கும்பிடு.”

“போகிற சூரியனையா? எதற்கு?” என்றேன். உலகம் முழுக்க எழுகிறதைத்தானே கும்பிடுகிறது?

தமிழ்ச் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள். “நாள் பூரா வேலை செஞ்சுச்சுல்ல டீச்சர். போகும்போது சும்மா அனுப்பலாமா?”

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாப் பரீட்சையிலும் முதலாவதாக வந்த நான், எட்டாம் வகுப்பில் தோற்றேன். பிள்ளைகள் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

நாளை அவள் அம்மாவைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை, எட்டாவது பாடவேளை, மறுபடி எழுந்து நிற்பேன். அவள் தலையாட்டும்வரை விட மாட்டேன்.